எருமைக்கு எது முன்பக்கம்

வக்கீலும் கண்ணாடிக்கடைக்காரரும் சம்பந்திகள் ஆவதற்கு முன்னால் பல வருஷம் விரோதிகளாக இருந்தார்கள். நிலத் தகராறு கிடையாது, பதவிப் போட்டி கிடையாது. சண்டை முழுக்க ரயிலைப் பற்றியது. அதுவும் உள்ளங்கையில் அடங்குகிற ரயில். 'பொம்மை ரயில்' என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் இருவரும் ஒரே கட்சியாகி அந்த ஆளைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள். "பொம்மை இல்லைங்க, மாதிரி ரயில்!" என்று இரண்டு குரலும் சேர்ந்து வரும். ஒற்றுமை அத்தோடு சரி.

அவர்களுடைய ரயில் சங்கம் ஓர் அச்சகத்துக்கு மேலே, நீளமான கூடத்தில் நடந்தது. கூடம் முழுக்க மேஜை, மேஜை முழுக்கத் தண்டவாளம். அட்டையில் செய்த மலை, பஞ்சில் செய்த மரம், யாரும் ஏறாத, யாரும் இறங்காத ஒரு ஸ்டேஷன். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது மலை லேசாக ஆடும்.

சங்கத்தில் இரண்டு கட்சி. பழைய கட்சிக்குக் கண்ணாடிக்கடைக்காரர் தலைவர். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் கட்சியின் கொள்கை ஒரே ஒரு குமிழ். குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் கரண்ட் ஏறும், எஞ்சின் ஓடும். இன்னும் திருகினால் இன்னும் ஓடும். பக்கத்துச் சுவிட்சைத் தட்டினால் வந்த வழியே திரும்பும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடும். அது ஒரு குறையா என்று கேட்டால், "ஒண்ணை எடுத்து அலமாரியில வை, முடிஞ்சுது" என்பார்.

டிஜிட்டல் கட்சிக்கு வக்கீல் தலைவர். அவர் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றுக்குள்ளும் நகத்தளவு டீகோடர் ஒன்று உட்கார்ந்துகொண்டு, தன் எண்ணைக் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ஐந்தாம் நம்பரைக் கூப்பிட்டால் ஐந்தாம் நம்பர் மட்டும் நகரும். "கூப்பிட்டவன் மட்டும் வரணும், அதுதான் நாகரிகம். உங்க முறையில ஒருத்தனைக் கூப்பிட்டா ஊரே எழுந்து வருது!" என்று வக்கீல் கோர்ட்டில் பேசுகிற அதே குரலில் வாதாடுவார்.

வாதம் சீக்கிரமே வசவாகும். வக்கீலுக்குக் கண்ணாடிக்கடைக்காரர் வைத்த பெயர் 'பட்டன்'. கண்ணாடிக்கடைக்காரருக்கு வக்கீல் வைத்த பெயர் 'துரு'. இந்தச் சண்டையைப் பார்ப்பதற்காகவே சிலர் சங்கத்துக்குச் சந்தா கட்டினார்கள்.

வக்கீலின் மகனும் கண்ணாடிக்கடைக்காரரின் மகளும் சந்தித்ததே அந்தக் கூடத்தில்தான். அவரவர் அப்பாவைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வந்தவர்கள், படிக்கட்டில் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். அப்புறம் அப்பாக்கள் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார்கள்.

கல்யாணப் பேச்சு எழுந்தபோது பெண் இரண்டு அப்பாக்களையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். பிடிவாதமான முழங்கால்களையே மடக்கிப் பழகியவள்.

"ரயிலைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் இனிமே ஒரு வார்த்தை சண்டை போடக் கூடாது. போட்டீங்கன்னா நாங்க ரெண்டு பேரும் வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவோம். அப்புறம் போன்லதான் பாக்கணும் எங்களை."

இருவரும் சத்தியம் செய்தார்கள். கல்யாணம் நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகு மரியாதை ஆரம்பித்தது.

அந்த மரியாதையைப் பார்க்கச் சகிக்கவில்லை. சங்கத்தின் கதவில் "நீங்க முதல்ல, சம்பந்தி", "ஐயோ, நீங்க போங்க சம்பந்தி" என்று இருவரும் நின்றுவிடுவார்கள். பின்னால் வருகிறவர்கள் படிக்கட்டில் வரிசையாகக் காத்திருப்பார்கள். வக்கீலின் எஞ்சின் வளைவில் கவிழ்ந்தால், முன்பெல்லாம் மேஜையைத் தட்டிச் சிரித்திருக்கக்கூடிய கண்ணாடிக்கடைக்காரர், "அடடா, ரொம்ப அழகா விழுந்துது சம்பந்தி" என்பார். சங்கத்துக்கு ஆள் வருவது குறைந்தது. சந்தா வசூலிக்கும் செயலாளர், "உங்க குடும்ப விஷயத்துல நான் தலையிடக் கூடாது, இருந்தாலும்..." என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இந்த நிலையில்தான் சங்கம் கூடி, பெரிய பாதை முழுவதையும் டிஜிட்டலுக்கு மாற்றத் தீர்மானம் போட்டது. மற்ற நேரமாக இருந்தால் கண்ணாடிக்கடைக்காரர் கூடத்தின் நடுவில் படுத்தாவது தடுத்திருப்பார். இப்போது சம்பந்தி கொண்டுவந்த தீர்மானம். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கி ஆதரித்தார்.

அதனால் அவருடைய எருமை ஓட இடமில்லாமல் போயிற்று.

எருமை என்பது அவருடைய எஞ்சின். கறுப்பு டீசல் எஞ்சின், கனத்த இரும்பு உடம்பு. ஒரு பக்கம் நீளமான மூக்கு, அது முடிகிற இடத்தில் டிரைவர் அறை, அதற்கும் பின்னால் குட்டையாக ஒரு துண்டு. ஓடும்போது உறுமும். வளைவில் பெருமூச்சு விடும். வாலிப வயதில் வாங்கியது. மற்ற எஞ்சின்களை எல்லாம் விற்றும் கொடுத்தும் தீர்த்தவர் அதை மட்டும் விடவில்லை.

ஒருநாள் மாலை கண்ணாடிக்கடைக்காரரும் மனைவியும் சம்பந்தி வீட்டுக்கு டீ குடிக்கப் போயிருந்தார்கள். வக்கீல் வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் விளிம்போரமாகத் தண்டவாளம் போட்டிருந்தது. பிஸ்கட் தட்டை ஒரு சரக்கு வண்டி இழுத்துக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க எஞ்சின் ரொம்ப நல்லா ஓடுது சம்பந்தி" என்றார், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

பதிலுக்குத் தானும் ஏதாவது நல்லதாகச் சொல்லியாக வேண்டும் என்று வக்கீலுக்குத் தோன்றியது. "உங்க எருமை மட்டும் என்ன சம்பந்தி, மாத்திட்டா அதுவும் இதே மாதிரி ஓடும். நீங்க சரின்னு சொல்லுங்க, என் கையாலயே மாத்தித் தரேன்."

சம்பந்தி மறுத்துவிடுவார் என்ற தைரியத்தில் சொன்னது. என் பிணத்து மேல நடந்துதான் அதைத் தொட முடியும் என்று சொல்லக் கண்ணாடிக்கடைக்காரரும் வாயைத் திறந்துவிட்டார். மகளின் பார்வை எதிரிலிருந்து வந்து நெற்றியில் இறங்கியது. திறந்த வாயிலிருந்து வேறு வார்த்தைகள் வந்தன.

"உங்க கையால மாறினா அது எருமை செஞ்ச பாக்கியம், சம்பந்தி."

மேஜையைச் சுற்றிவந்த சரக்கு வண்டி ஒரு கணம் நின்றது. வக்கீலின் விரல் தானாகப் பட்டனை அழுத்தியிருந்தது.

ஏனென்றால் வக்கீலுக்கு எஞ்சினை மாற்றத் தெரியாது. அவரிடமிருந்த எஞ்சின்கள் எல்லாம் கடையிலிருந்து வரும்போதே டிஜிட்டலாக வந்தவை. டிஜிட்டலைப் பற்றி அவரால் நாள் முழுக்கப் பேச முடியும். ஆனால் வாழ்க்கையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி அதே இடத்தில் மாட்டியது கிடையாது. வீட்டில் ஃபியூஸ் போனால் மனைவிதான் போடுவாள்.

அவருக்குத் தெரிந்த ஒரே வழி வாய்தா வாங்குவது. முதல் வாரம் பெரிய கேஸ் இருக்கிறது என்றார். அடுத்த வாரம் சளி. அப்புறம் டீகோடர் வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கண்ணாடிக்கடைக்காரர் உள்ளுக்குள் குதித்தார். "அவசரமே இல்ல சம்பந்தி! உடம்பைப் பாத்துக்குங்க. சளி லேசுல போகாது" என்று மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார். தினமும் கடையைத் திறந்ததும் எருமையைப் பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி வைத்தார்.

இதற்கிடையில் வக்கீல் யாருக்கும் தெரியாமல் சால்டரிங் கருவி ஒன்று வாங்கி, ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்த்தார். வயரோடு வயரை ஒட்டப் பார்த்ததில் வயர் ஸ்பூனோடு ஒட்டிக்கொண்டது. மேஜைத் துணியில் ஓட்டை விழுந்தது. டீ கொண்டுவந்த மனைவி ஸ்பூனைத் தூக்கினாள். கூடவே ஒரு முழம் சிவப்பு வயரும் தொங்கிக்கொண்டு வந்தது.

"இது என்ன?"

"ஒரு கேஸ் விஷயம்."

"யார் மேல கேஸ்? ஸ்பூன் மேலயா?"

அவள் அன்றைக்கே சம்பந்தியம்மாவிடம் போனில் சொன்னாள். அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் எந்த மரியாதையும் இல்லை. முதல் நாளிலிருந்தே அக்கா, தங்கை போல வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க இவரும் எஞ்சினைத் துடைச்சுத் துடைச்சுப் பெயிண்டையே எடுத்துட்டாரு. எத்தனை நாள்தான் இதைப் பாத்துட்டு இருக்கிறது? கடை லீவு அன்னிக்கு உங்க வீட்டுக்காரரை இங்க அனுப்பிடுங்க. ஒண்ணு மாத்தட்டும், இல்ல உடைக்கட்டும்" என்றாள் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி.

ஆண்கள் போட்ட வாய்தாக்களைப் பெண்கள் ஒரே போனில் ரத்து செய்துவிட்டார்கள்.

லீவு நாளன்று கண்ணாடிக்கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே வந்தார் வக்கீல். சுவர் முழுக்கப் பிரேம்கள் ஆளில்லாமல் அவரைப் பார்த்தன. பின்னால் பெரிதிலிருந்து சிறிதாக எழுத்துகள் இறங்கும் பலகை, அதன் கீழே ரிப்பேர் மேஜை. மேஜையில் வளையும் கழுத்துள்ள விளக்கு, ஊசி மாதிரி ஸ்க்ரூடிரைவர்கள், குட்டிக் குட்டி டப்பாக்களில் கடுகளவு ஸ்க்ரூக்கள். விளக்கு வெளிச்சத்தின் நடுவே, மடித்த துணிமேல் எருமை. ஆபரேஷனுக்குப் படுக்க வைத்த மாதிரி இருந்தது.

"ஆரம்பிக்கலாமா, சம்பந்தி?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"தாராளமா சம்பந்தி" என்றார் வக்கீல்.

வக்கீல் கோர்ட்டுக்குப் போகும் தோல் பையிலிருந்து சால்டரிங் கருவி, ஈயக் கம்பி, டேப், அச்சடித்த குறிப்புத்தாள் எல்லாம் எடுத்து வைத்தார். அப்புறம் டீகோடர்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஒரு எஞ்சினுக்கு எதுக்கு சம்பந்தி மூணு?"

"ஒரு முன்ஜாக்கிரதைதான். முன்ஜாமீன் மாதிரி."

கண்ணாடிக்கடைக்காரர் எருமையின் மேலோட்டைத் தானே கழற்றினார். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அடியில் நாலு ஸ்க்ரூ. கறுப்பு ஓடு கையோடு வந்தது. உள்ளே நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் பல்சக்கரம், எங்கும் பழைய எண்ணெய் வாசனை.

வக்கீல் குறிப்புத்தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்புறம் தூரமாகக் கொண்டுபோனார். மறுபடி கிட்டே. கருவியின் சூடான முனை எருமையின் வயிற்றுக்கு மேலே கொசு மாதிரி வட்டமடித்தது.

கண்ணாடிக்கடைக்காரர் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார். எஞ்சின் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் இன்னும்கூடப் பொறுத்திருப்பார். இது கண் சம்பந்தப்பட்ட விஷயம்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கண்ணாடி எங்க வாங்கினீங்க?"

வக்கீல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விரோத காலத்தில், இந்தக் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்பதற்காகவே ஊரின் மறுகோடிக்குப் போய் வாங்கியது அது.

"அது... ஒரு அவசரத்துக்கு..."

"பவர் சுத்தமா தப்பு. கிட்டப் பாக்க உங்களுக்கு இது ஆகவே ஆகாது. கொஞ்சம் இப்படித் திரும்புங்க."

சோதனைக்கு வைத்திருந்த கனமான வட்டப் பிரேமை எடுத்து வக்கீலின் மூக்கில் மாட்டினார். ஒவ்வொரு வில்லையாகச் செருகி, "இது நல்லா இருக்கா? இது? முன்னாடி போட்டது நல்லா இருந்துதா, இதுவா?" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் சரிசெய்தார். பக்கவாட்டில் திருகாணியும், நெற்றிக்கு நேரே அளவுக்கோடுமாக, ஆழ்கடலிலிருந்து ஏறி வந்த பிராணி மாதிரி இருந்தார் வக்கீல். ஆனால் குனிந்து பார்த்தவர், "அடேயப்பா!" என்றார். எருமையின் உள்ளே இருந்த தூசிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வேலை ஓடத்தான் செய்தது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளக் கரண்டை வாங்குகிற வயர்கள், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குப் போகிற வயர்கள். கண்ணாடிக்கடைக்காரர் இடுக்கியால் வயரைப் பிடித்துக்கொள்ள, வக்கீல் ஈயத்தை வைத்தார். முதல் ஒட்டு களிமண் உருண்டை போல வந்தது. இரண்டாவது பரவாயில்லை. நாலாவதை இருவரும் சற்று நேரம் ரசித்துப் பார்த்தார்கள்.

மேஜை ஓரமாகக் கண்ணாடிப் பெட்டிமேல் நீளமாகத் தண்டவாளத்தைப் போட்டு, வக்கீல் கொண்டுவந்த கண்ட்ரோலரை இணைத்தார்கள். எருமையை ஓடில்லாமல் வெறும் உடம்போடு அதன்மேல் ஏற்றினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் பட்டனை அழுத்தினார்.

எருமை நகரவில்லை. அதன் முதுகிலிருந்து மெல்லிசாக, சாம்பல் நிறத்தில், ஒரு புகை எழுந்து எழுத்துப் பலகையை நோக்கிப் போயிற்று. எரிந்த பிளாஸ்டிக் வாசனை கடை முழுக்கப் பரவியது.

"என் தப்புதான் சம்பந்தி" என்றார் வக்கீல்.

"சேச்சே, உங்க மேல என்ன தப்பு? எருமை மேலதான் தப்பு."

"உங்க எருமை மேல எப்படித் தப்பு வரும்? டீகோடர் மேல தப்பு."

"நீங்க வாங்கின டீகோடர் தப்பா இருக்குமா சம்பந்தி?"

இரண்டு பேருடைய கழுத்து நரம்பும் புடைத்துக்கொண்டிருந்தது. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பல்லுக்கு நடுவே நசுங்கி வந்தது.

வக்கீல் குறிப்புத்தாளை எடுத்து, புதுக் கண் கிடைத்த தைரியத்தில் முதலிலிருந்து படித்தார். மூன்றாவது வரியிலேயே இருந்தது: 'பழைய எஞ்சின்களில் மோட்டாரை உடம்பிலிருந்து மின்சார ரீதியாகப் பிரித்துவிட்ட பிறகே இணைக்கவும்.' பிரிக்கவும் என்றால் கழற்றுவது என்று அவர் நினைத்திருந்தார். கழற்றித்தான் ஆயிற்றே என்று தாண்டிப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை நேராக இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். உடம்பு வழியாகவே சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் போகும். டிஜிட்டலில் அந்தத் தொடுப்பு கூடவே கூடாது. தொட்டால் தண்டவாளத்துக் கரண்ட் குறுக்கு வழியில் டீகோடருக்குள் புகுந்து அதைச் சுட்டுவிடும்.

"எங்க தொடுது?" இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். மோட்டாரின் அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங், அதைப் பிடித்திருந்த தகடு உடம்போடு ஒட்டி நின்றது. நடுவில் ஏதாவது வைத்துத் தடுக்க வேண்டும். வக்கீல் டேப்பைச் செருகிப் பார்த்தார், கிழிந்தது. விசிட்டிங் கார்டைக் கத்தரித்து வைத்தார், கொள்ளவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் டப்பாக்களைத் துழாவிக்கொண்டிருந்தார். பிரேமில்லாத கண்ணாடிகளில் வில்லைக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே பிளாஸ்டிக்கில் ஒரு பொடி வளையம் போடுவார்கள், கண்ணாடி விரிசல் விடாமல் இருக்க. அதில் ஒன்றை ஊசி முனையில் எடுத்து ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே இறக்கினார். அங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்தது.

"அபாரம் சம்பந்தி!" என்று வக்கீல் சொன்னது, கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் உண்மையான பாராட்டு.

இரண்டாவது டீகோடரைக் கட்டினார்கள். மேலோட்டை மாட்டினார்கள். எருமை மறுபடி எருமையாயிற்று. வக்கீல் கண்ட்ரோலரில் எண்ணைத் தட்டி, 'முன்னால்' என்ற பட்டனை மெதுவாக அழுத்தினார்.

எருமை உறுமியது. அதே பழைய உறுமல். கண்ணாடிப் பெட்டிமேல், பிரேம்களுக்கு நடுவே, ஆடாமல் அசையாமல், இதுவரை அது போயிராத அத்தனை நிதானமாக நகர ஆரம்பித்தது. கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் மாறியது.

"சம்பந்தி, பின்னாடி போகுது."

"முன்னாடிதான் போகுது சம்பந்தி."

"மூக்கு அந்தப் பக்கம் இருக்கு. இது இந்தப் பக்கம் வருது. பின்னாடிதான்."

"மூக்கு இருக்கிற பக்கம் எப்படி முன்பக்கமாகும்? டிரைவர் ரூம் இருக்கிற பக்கம்தான் முன்பக்கம். டிரைவருக்கு வழி தெரிய வேண்டாமா?"

பழைய முறையில் இந்தக் கேள்வியே எழுந்தது கிடையாது. அங்கே இடது, வலது மட்டும்தான்; சுவிட்சைத் தட்டினால் இந்தப் பக்கம், திருப்பித் தட்டினால் அந்தப் பக்கம். எஞ்சினுக்குத் தன் முன்பக்கம் எது என்று தெரிய வேண்டிய அவசியமே இருந்ததில்லை. டிஜிட்டலில் முதல்முறையாக யாரோ எருமையைப் பார்த்து 'முன்னால் போ' என்று சொல்லியிருக்கிறார்கள்.

"இத்தனை வருஷமா வச்சிருக்கேன், என் எஞ்சினுக்கு எது முன்னாடின்னு எனக்குத் தெரியாதா?"

"வச்சிருந்தா மட்டும் போதுமா? யோசிக்கணும்."

'யோசிக்கணும்' என்ற வார்த்தை வெளியே வந்ததும் வக்கீலே திடுக்கிட்டார். கண்ணாடிக்கடைக்காரரின் காது மடல் சிவந்தது. இரண்டு பேரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அணை உடைந்தது.

"யோவ் பட்டன்! முகத்துல மூக்கு முன்னாடி இருக்குமா, பின்னாடி இருக்குமாய்யா?"

"அது மூக்கே இல்லய்யா, துரு! அது மோட்டார் வைக்கிற டப்பா! டப்பாவை முன்னாடி விட்டுட்டு டிரைவர் எட்டி எட்டிப் பாத்துட்டு வருவானா?"

"வருவான்! எருமையில அப்படித்தான் வருவான்! அடிபட்டா முதல்ல மூக்கு அடிபடணும், டிரைவர் பிழைக்கணும்! மனுஷ உயிர் பத்தி உனக்கு என்ன தெரியும்? எல்லாம் வாய்தா கேஸ்!"

"ஸ்க்ரூ கழட்டத் தெரிஞ்சுட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா?"

"உனக்கு அதுகூடத் தெரியலையேய்யா! சால்டரிங்கைக் குச்சி ஐஸ் மாதிரி பிடிச்சிருந்தியே, பாத்துட்டுத்தானே இருந்தேன்! ஒரு எஞ்சினாவது மாத்தியிருக்கியா நீ, உன் ஜென்மத்துல?"

"இல்லய்யா! மாத்தினதே இல்ல! வேண்டாம்னு நீ சொல்லித் தொலைப்பேன்னு நினைச்சேன்!"

"சொல்ல விட்டாளா என் பொண்ணு?"

ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு இரண்டு சம்பந்தியம்மாக்களும் மகளும் அப்போதுதான் தெருமுனை திரும்பினார்கள். பாதி இறக்கிய கதவுக்குக் கீழே சத்தம் தெருவுக்கு வழிந்துகொண்டிருந்தது. எதிர்க்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். பெண்ணின் முகம் வெளுத்தது. ஓடப் பார்த்தவளின் கையை மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா. கொஞ்சம் கேக்கலாம்."

"சண்டை போடறாங்க அத்தை!"

"தெரியுது. இவர் இப்படி வாய் விட்டுக் கத்தி எத்தனை நாளாச்சு தெரியுமா? வீட்டுல ஊமை மாதிரி மூலையில உக்காந்து கிடந்தாரு. பசி கூட இல்ல."

"இங்க மட்டும் என்ன? ஞாயித்துக்கிழமை வந்தாலே சட்டை போட்டுக்க மனசில்லாம போச்சு மனுஷனுக்கு" என்றாள் பெண்ணின் அம்மா.

மூவரும் குனிந்து உள்ளே போனார்கள். சோதனைப் பிரேம் மாட்டிய வக்கீல் விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை வாள் மாதிரி பிடித்திருந்தார். இருவர் முகத்திலும் அப்படி ஒரு களை. யாரும் கவனிக்காத எருமை, முன்னாலோ பின்னாலோ, அதே நிதானத்தில் பெட்டியின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, எஞ்சின்!"

இரண்டு அப்பாக்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். மண்டையும் மண்டையும் மோதி, இருவரும் தலையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். வக்கீலின் மனைவி அலட்டிக்கொள்ளாமல் ஃபிளாஸ்க்கைத் தண்டவாளத்தின் கடைசியில் வைத்தாள். எருமை அதில் முட்டி நின்று, சக்கரம் சுற்ற உறுமியது.

வக்கீல் தடவித் தடவிப் பட்டனைக் கண்டுபிடித்து நிறுத்தினார். பிறகு இருவரும் பெண்ணைப் பார்த்தார்கள், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி.

"மாத்தல் எல்லாம் வாங்கிடாதம்மா" என்றார் வக்கீல் ஈனக்குரலில். "நாங்க சும்மா பேசிட்டு இருந்தோம்."

"ரொம்ப நல்லாப் பேசிட்டு இருந்தோம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அவள் இரண்டு பேரின் நெற்றியிலும் எழும்பிய வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். அப்பா "ஆ" என்றார், மாமனார் "ஆ ஆ" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை.

"என்னதான் பிரச்சினை உங்களுக்கு?"

இருவரும் ஒரே சமயத்தில் விளக்க ஆரம்பித்தார்கள். பாதி கேட்பதற்குள் அவள் அம்மா குறுக்கிட்டாள். "இதுக்கா இவ்வளவு? உள்ள ஒரு டிரைவர் பொம்மை இருக்குமே, அவன் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கான்னு பாத்தா தெரிஞ்சுடாதா?"

இதைத் தாங்கள் ஏன் யோசிக்கவில்லை என்று இருவருக்கும் வெட்கமாக இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். வக்கீல் விளக்கை வளைத்துப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிரைவர் அறை ஜன்னலுக்குள் பார்த்தார்கள்.

டிரைவர் சீட்டிலேயே இல்லை. தரையில் குப்புறப் படுத்திருந்தார்.

"இதுல என்ன தீர்ப்பு சொல்றது?" என்றாள் வக்கீலின் மனைவி, டீயை ஊற்றிக்கொண்டே.

தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. டீகோடருக்குள் ஒரு எண்ணை மாற்றினால் முன், பின்னாகிவிடும். மறுபடி மாற்றினால் பின், முன்னாகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எருமை பெரிய பாதையில் ஓடியபோது மூக்கு பின்னால் இருந்தது. கூடம் இரண்டாகப் பிளந்தது. பழைய டிஜிட்டல்காரர்களில் பாதிப் பேர் மூக்குக் கட்சிக்கு மாறினார்கள், பழைய குமிழ்காரர்களில் சிலர் டிரைவர் கட்சிக்கு வந்தார்கள். படிக்கட்டு வரை ஆள் நின்றது. செயலாளர் நிம்மதியாகச் சந்தா வசூலித்தார்.

அந்த எண்ணை மாற்ற வக்கீலின் தயவை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காகக் கண்ணாடிக்கடைக்காரர் சொந்தமாக ஒரு டிஜிட்டல் கண்ட்ரோலர் வாங்கினார். குமிழ் கட்சித் தலைவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்களிடம், "கொள்கை வேற, மூக்கு வேற" என்றார். இவர் கடையில் மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இவர் கண் அசந்த நேரம் பார்த்து வக்கீல் திருப்பி மாற்றுவார். மகளும் மருமகனும் படம் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஒருநாள் காலை கடையில் ஒரு வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் மேஜைக்குக் கீழே கண்ட்ரோலரைத் தட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கோர்ட் வராந்தாவின் இரைச்சலுக்கு நடுவே வக்கீலின் குரல்.

"யோவ், மாத்திட்டியா?"

"மாத்திட்டேன். என்ன பண்ணுவே?"

"ஞாயித்துக்கிழமை வரட்டும், சொல்றேன். மூக்கை அறுக்காம விடமாட்டேன்."

"வா, வா. டிரைவரைக்கூட எழுப்பி உக்கார வச்சுட்டேன். எந்தப் பக்கம் பாத்துன்னு வந்து தெரிஞ்சுக்க."

"யோவ், அது சட்டப்படி செல்லாதுய்யா! சாட்சியைக் கலைக்கிற வேலை அது!"

"கலைச்சா கலைச்சதுதான். போய் வாய்தா வாங்கு."

போனை வைத்துவிட்டு, சந்தோஷத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு, எருமையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். மூடியைச் சாத்தும்போதுதான் நாற்காலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சார், நான் இன்னும் கண்ணை மூடிட்டே இருக்கணுமா?"